ஸ்டேஷனில் ‘இதற்குக் கேஸ் இல்லை’ என்கிறார்கள்: திருமணம் மீறிய உறவில் சட்டம் எங்கே நிற்கிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்குப் போகும் மனுக்களில் ஒரு வகை உண்டு. “என் வீட்டுக்காரர் வேறொருத்தியோடு இருக்கிறார், இதோ போனில் படம் இருக்கிறது, கேஸ் போடுங்கள்” என்று ஒரு பெண் வந்து நிற்பார். “என் பொண்டாட்டி பக்கத்து ஊர்க்காரனோடு போய்விட்டாள், இரண்டு பேரையும் பிடித்து உள்ளே போடுங்கள்” என்று ஓர் ஆண் வருவார். இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “இதற்கு இப்போது செக்‌ஷன் இல்லை, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.”

வெளியே வருகிறவர்கள் இதிலிருந்து இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். திருமணம் மீறிய உறவு சட்டப்படி சரி என்று ஆகிவிட்டது என்பது ஒன்று. போலீஸ் பார்க்காவிட்டால் ஊர் பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தானதும்கூட. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

‘கள்ளக்காதல்’, ‘கள்ளத்தொடர்பு’, ‘தகாத உறவு’ என்பவை செய்தித்தாளும் தெருவும் பயன்படுத்தும் சொற்கள். சட்டத்தில் இவற்றுக்குப் பொருள் கிடையாது. சட்டம் மூன்று தனித்தனி விஷயங்களைப் பார்க்கிறது. திருமணமான ஒருவர் தன் துணையல்லாத வேறொருவரோடு விரும்பி உடலுறவு கொள்வது ஒன்று. முதல் திருமணம் இருக்கும்போதே இன்னொரு திருமணம் செய்வது, அதாவது இருதார மணம், இன்னொன்று. துணையை உடலாலோ மனதாலோ வதைப்பது மூன்றாவது. ஒரே வீட்டில் மூன்றும் நடக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு.

குற்றவியல், உரிமையியல் என்ற பிரிவையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குற்றம் என்றால் அரசே வழக்கு நடத்தி, ஜெயிலுக்கு அனுப்பும். உரிமையியல் விவகாரம் என்றால் பாதிக்கப்பட்டவர் கோர்ட்டில் விவாகரத்தோ பணமோ வீட்டில் குடியிருக்கும் உரிமையோ கேட்டு வாங்கலாம், ஜெயில் இல்லை. ‘கேஸ் இல்லை’ என்று ஸ்டேஷனில் சொல்வது முதல் வகையைப் பற்றி மட்டும்தான்.

158 ஆண்டுகள் இருந்த 497

இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு, இன்னொருவர் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு கொள்ளும் ஆணுக்கு 5 ஆண்டு வரை சிறை என்றது. இதை, அந்தச் சட்டத்தின் முதல் வரைவைத் தயாரித்த ஆங்கிலேயர் மெக்காலே எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய 1837 வரைவில் இந்தக் குற்றமே இல்லை. குழந்தையாக இருக்கும்போதே கட்டிவைக்கப்பட்டு, இளம் வயதிலேயே கணவன் வேறு மனைவியரைத் தேடிக்கொள்ள, புறக்கணிக்கப்பட்டு வாழும் பெண்கள் உள்ள நாட்டில் மனைவியின் தவறைத் தண்டிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பதும் அந்த வரைவின் குறிப்புகளில் இருந்தது. பிறகு வந்த சட்ட ஆணையர்கள் குற்றத்தைச் சேர்த்தார்கள், ஆணுக்கு மட்டும் தண்டனை வைத்தார்கள். 1860 சட்டத்தில் அதுவே நிலைத்தது.

அந்தப் பிரிவை நிதானமாகப் படித்தால் நான்கு விஷயங்கள் தெரியும்.

1. மனைவிக்குத் தண்டனை இல்லை. அவரை உடந்தை என்றுகூடச் சொல்ல முடியாது.
2. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை.
3. கணவன் திருமணமாகாத பெண்ணோடோ கணவனை இழந்த பெண்ணோடோ உறவு வைத்தால் குற்றம் இல்லை.
4. துரோகம் செய்த கணவன் மீதோ அந்தப் பெண் மீதோ மனைவி புகார் கொடுக்கவே முடியாது.

நான்காவதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் படத்தோடு ஸ்டேஷனுக்கு வந்த அந்தப் பெண், 2018க்கு முன்னால் வந்திருந்தாலும் இதே பதிலைத்தான் கேட்டிருப்பார். அவருக்கு அந்தச் சட்டம் ஒருநாளும் உதவியதில்லை. ஒரு கணவனின் சொத்தில் இன்னொரு ஆண் கை வைத்ததற்கான தண்டனை அது. வரப்பைத் தாண்டி அடுத்தவன் நிலத்தில் உழுததற்கு வழக்குப் போடுவதைப் போன்றதுதான். அந்த வழக்கில் நிலத்துக்குக் குரல் கிடையாது.

1954, 1985, 1988 என மூன்று முறை உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காப்பாற்றியது. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் அப்போதைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதை நீக்கினார்கள். மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்ப்பது சமத்துவத்துக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்பதுதான் தீர்ப்பின் மையம். அதே தீர்ப்பு, விவாகரத்துக்கு இது காரணமாக இருக்கலாம் என்பதையும் தெளிவாகவே சொன்னது. செய்தியாக ஊருக்கு வந்து சேர்ந்தபோது இந்தப் பாதி காணாமல் போய்விட்டது.

2023இல் உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக இந்தக் குற்றத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது சேர்க்கப்படவில்லை. எனவே இன்றைக்கு நிலவரம் இதுதான்: வயது வந்த இருவர் விரும்பி வைத்துக்கொள்ளும் உறவு, அவர்களில் யார் திருமணமானவராக இருந்தாலும், அதற்காக மட்டும் குற்றம் ஆகாது.

குற்றம் போனது, விளைவுகள் போகவில்லை

1. விவாகரத்து. இந்து திருமணச் சட்டம், 1955இன் 13ஆவது பிரிவின்படி, திருமணத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை விரும்பி வேறொருவரோடு உறவு கொண்டிருந்தாலும் துணைவர் விவாகரத்து கேட்கலாம். 1976க்கு முன் ‘அந்த வாழ்க்கையிலேயே இருந்தார்’ என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, அந்த ஆண்டுத் திருத்தம் அதை எளிதாக்கியது. கணவன் மனைவி இருவருக்கும் இது ஒன்றுதான். மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே மனு போடலாம்.

2. ஜீவனாம்சம். இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம், எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான்.

3. இரண்டாம் திருமணம். இது இன்றும் குற்றம். நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவு 7 ஆண்டு வரை சிறை என்கிறது, முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் 10 ஆண்டு வரை. “கோயிலில் சும்மா தாலி கட்டினேன், ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, அது கல்யாணமே இல்லை” என்று தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது செல்லாது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் திருமணம்தான். 2001இல் உச்ச நீதிமன்றம் இதை வைத்தே தமிழ்நாட்டுக் கணவர் ஒருவரின் இரண்டாம் திருமணத்தைக் குற்றமாக ஏற்றது.

நம் பக்கத்தில் இதோடு சேர்ந்த ஒரு பொறி இருக்கிறது. ஊர்க்கவுண்டரும் நாலு பெரியவர்களும் உட்கார்ந்து, 20 ரூபாய் பத்திரத்தில் ‘இனி ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, ‘தீர்த்துவிட்டோம்’ என்பார்கள். அந்தப் பத்திரம் விவாகரத்து ஆகாது. அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள வழக்கம் இது என்று கோர்ட்டில் நிரூபித்தால் மட்டுமே செல்லும், அது லேசில் முடிகிற காரியம் அல்ல. அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்த பெண்கள், பல வருடம் கழித்து முதல் கணவன் நோட்டீஸ் அனுப்பும்போதுதான் தாங்கள் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். திருமணம் மீறிய உறவுக்கு ஜெயில் இல்லை. ஊர் சொல்லி நேர்மையாகச் செய்துகொண்ட மறுமணத்துக்கு ஜெயில் வரலாம்.

4. கொடுமை, தற்கொலைக்குத் தூண்டுதல். வேறு பெண்ணோடு உறவு இருப்பது மட்டுமே மனைவியைக் கொடுமைப்படுத்திய குற்றம் ஆகிவிடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த உறவைக் காட்டியே அடிப்பது, வீட்டைவிட்டுத் துரத்துவது, செத்துப் போ என்று தூண்டுவது எல்லாம் தனித்தனிக் குற்றங்கள். ஸ்டேஷனில் மனு எழுதும்போது “தொடர்பு வைத்திருக்கிறார்” என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்றைக்கு அடித்தார், எந்த நகையை அடகு வைத்தார், எப்போது வெளியே தள்ளினார் என்று எழுதினால் நிலைமை மாறும்.

5. வேலை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, துணை உயிரோடு இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்தால் துறை நடவடிக்கை வரும். ராணுவத்தில் இன்னும் கடுமை. 2018 தீர்ப்பு படைத்துறையின் ஒழுங்கு நடவடிக்கைகளைத் தடுக்காது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

6. ஒரு பழைய மிச்சம். 497 போனாலும் அதன் பக்கத்து வீடான 498, இப்போது நியாய சன்ஹிதாவின் 84ஆவது பிரிவாக வாழ்கிறது. இன்னொருவர் மனைவியை உறவு கொள்ளும் நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துப் போனால் 2 ஆண்டு வரை சிறை. கணவன்மார் இதைப் பிடித்துக்கொண்டு வருவதுண்டு. வயது வந்த பெண் நீதிபதி முன் “நானாகத்தான் போனேன்” என்று சொன்னால், அவர் விரும்பிய இடத்துக்குப் போகவிடுவதுதான் நடைமுறை. பெண்ணை ஒரு பொருளாக வைத்துப் பேசும் இந்தப் பிரிவும் 497 போன வழியிலேயே போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

போனில் இருக்கும் ‘ஆதாரம்’

இப்போது பெரும்பாலான சண்டைகள் போனில்தான் தொடங்குகின்றன. மனைவியின் போன் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஆதாரமாகக் காட்டியதை 2024இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஏற்கவில்லை, அந்தரங்க உரிமை மீறல் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், கணவன் மனைவி இடையிலான பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைச் சான்றாகப் பார்க்கலாம் என்றது. எனவே கோர்ட்டுக்குள் அதற்கு ஓரளவு இடம் உண்டு.

கோர்ட்டுக்கு வெளியே நிலைமை தலைகீழ். படத்தையும் வீடியோவையும் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர், தான் பாதிக்கப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டே குற்றவாளி ஆகிறார். ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஏமாற்றிய மனைவி மீது வழக்கு இல்லை, படம் போட்ட கணவன் மீது வழக்கு. இந்த வேறுபாடு பலருக்குக் கோபம் தருகிறது, புரிகிறது. ஆனால் படம் பரவிய வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதே பிள்ளைகளை வைத்து டி.என்.ஏ. சோதனை கேட்பதும் பெருகியிருக்கிறது. திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தை என்றே சட்டம் கொள்கிறது. மனைவியின் நடத்தையை நிரூபிப்பதற்காக வழக்கமாகக் குழந்தைக்குச் சோதனை செய்ய உத்தரவிடக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செல்லாத இரண்டாம் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோர் சொத்தில் உரிமை உண்டு.

ஊர் கூடித் தண்டிக்கும்போது

சட்டம் விலகிய இடத்தில் ஊர் நுழைய வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணம்: பயம் இருந்தால்தான் குடும்பம் நிற்கும். சரி, ஊர்த் தண்டனை நடைமுறையில் எப்படி இருக்கிறது?

தண்டம் கட்டச் சொல்வார்கள். கோயில் முன் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். கேட்காவிட்டால் ஒதுக்கிவைப்பார்கள். திருவிழாவுக்கு அந்த வீட்டில் வரி வாங்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. கடைக்காரர் சாமான் கொடுக்கத் தயங்குவார்.

இந்தத் தண்டனை யார் மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: கணவர் ஓசூர் சிப்காட்டில் வேலை, அல்லது பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறைதான் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்கு வருவார். வேலை செய்யும் ஊரில் அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது. ஊர் அவரை ஒதுக்கினால் பஸ் ஏறிப் போய்விடுவார், சம்பளம் குறையாது. தவறு மனைவியுடையது என்றால் அவர் போக இடமில்லை. நூறுநாள் வேலைக்குப் பேர் கொடுப்பதும், பால் சொசைட்டியில் பால் ஊற்றுவதும், குழாயில் தண்ணீர் பிடிப்பதும் அதே ஊரில்தான். நிலம் அவர் பேரில் இல்லை. அந்த உறவில் இருந்த ஆள் பணக்கார வீட்டுப் பையன் என்றால் தண்டப் பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த மாதமே திருவிழாவில் முன்னால் நிற்பான். ஒரே தவறுக்கு ஒருவருக்கு ஒரு மாதக் கூலி, இன்னொருவருக்கு ஆயுள். சாதியும் சேர்ந்துகொண்டால் இரண்டு பேர் விவகாரம் இரண்டு தெருக்களின் விவகாரம் ஆகிவிடும். அது எங்கே போய் முடியும் என்று தருமபுரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 நவம்பரில் நடந்தது திருமணம் மீறிய உறவே அல்ல, இருவர் விரும்பிச் செய்துகொண்ட சாதி மறுப்புத் திருமணம். அதில் ஊர் நுழைந்தது. பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டார். நத்தம் காலனியிலும் அடுத்த இரண்டு குடியிருப்புகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிந்தன.

சட்டத்தின் பார்வையில் இதற்கு இடமே இல்லை. 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதம், அவற்றை ஒடுக்க வேண்டும் என்றது. மிரட்டித் தண்டம் வாங்குவது பணம் பறித்தல். வழியை மறிப்பது, அடைத்து வைப்பது, பொது இடத்தில் ஒரு பெண்ணை அவமானப்படுத்துவது எல்லாவற்றுக்கும் பிரிவுகள் உண்டு. மகாராஷ்டிரம் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகவே 2016இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நமக்கும் அப்படி ஒன்று தேவை.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா?

துரோகம் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. பத்து வருடம் நம்பி வாழ்ந்தவர் ஒரு நாளில் உடைந்து போகிறார். அந்த வலி உண்மை. ஆனால் ஜெயில் அந்த வலிக்கு மருந்து ஆகாது. கணவனை உள்ளே போட்டால் மாதச் சம்பளம் நிற்கும், மனைவியை உள்ளே போட்டால் பிள்ளைகள் தாயில்லாமல் நிற்கும்.

நம் இரு மாவட்டங்களுக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. குழந்தைத் திருமணம் இங்கே இன்னும் ஓயவில்லை. அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களிலும் பென்னாகரம் பக்கத்திலும் பதினைந்து பதினாறு வயதில் மாமன் மகனுக்குக் கட்டிவைக்கப்படும் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. இருபத்திரண்டு வயதில் அவள் வேறொருவரை விரும்பினால், சம்மதமே கொடுக்காத ஒரு வாக்கை மீறினாள் என்று தண்டிப்பது எந்த நியாயம்? 1837லேயே ஒருவர் யோசித்துத் தயங்கிய இடம் இது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006இன்படி அப்படிக் கட்டிவைக்கப்பட்ட பெண் 20 வயது முடிவதற்குள் மனு போட்டு அந்தத் திருமணத்தையே ரத்து செய்யலாம். பெரும்பாலான பெண்களுக்கு இது தெரியும்போது அந்த வயது தாண்டியிருக்கிறது.

கண்டிப்பு வேண்டிய இடம் பணம். கைவிடப்பட்டவரின் சோறும் கூரையும்தான் உண்மையான இழப்பு, அதை ஈடுகட்ட வைப்பதில்தான் சட்டம் முழு பலத்தைக் காட்ட வேண்டும். அதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

1. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125). கணவன் வேறு பெண்ணை மணந்தாலோ வைத்துக்கொண்டாலோ, மனைவி அவனோடு வாழ மறுக்கலாம், மறுத்துக்கொண்டே ஜீவனாம்சமும் கேட்கலாம். “வந்து குடும்பம் நடத்தினால் சோறு போடுகிறேன்” என்ற பேச்சு இங்கே செல்லாது. கணவன் பெங்களூரில் இருந்தாலும் மனைவி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பிள்ளைகளுக்கும் தனியாகக் கேட்கலாம்.

2. அதே பிரிவில், ‘முறைகேடான உறவில் வாழும்’ மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. கணவன் தரப்பு வக்கீல்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். எப்போதோ நடந்த ஒரு சறுக்கல் இதற்குப் போதாது, தொடர்ந்து அப்படி வாழ்கிறார் என்று கணவன் நிரூபிக்க வேண்டும் என்றே நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. சந்தேகத்தையே ஆதாரமாக்கி ஒரு பெண்ணைப் பட்டினி போட முடியாது.

3. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காக வேண்டும், இருவரும் சொத்து வருமானத்தை உறுதிமொழிப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

4. குடும்ப வன்முறைச் சட்டம், 2005இன்படி, வாழ்ந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை கேட்கலாம். வீடு மாமனார் பேரில் இருப்பதால் மட்டும் வெளியே தள்ள முடியாது.

கருவி இருந்தும் வேலை நடக்காத இடம் வசூல். உத்தரவு கையில் இருக்கும், பணம் வராது. கணவன் முகவரி மாற்றிக்கொண்டே இருப்பான், வாரண்டை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போக ஸ்டேஷனில் ஆள் இருக்காது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு, பஸ் காசு செலவழித்து வரும் பெண் மூன்றாவது வருடத்தில் களைத்துப் போகிறார். துரோகத்துக்குத் தண்டனை வேண்டும் என்று குரல் கொடுப்பவர்கள் அந்தக் குரலை இங்கே கொடுக்க வேண்டும். ஓசூர் நிறுவனச் சம்பளத்திலிருந்து ஜீவனாம்சம் நேராகப் பிடித்தம் ஆகட்டும், வாரண்டுகளை நிறைவேற்ற மாவட்டத்துக்கு ஒரு தனிக் குழு இருக்கட்டும்.

வழக்கு நடத்தப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டியது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. தொலைபேசியில் 15100. அடி உதை இருந்தால் 181. போகும்போது திருமணப் பத்திரிகை அல்லது போட்டோ, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கணவன் வேலை செய்யும் இடத்தின் பெயர், கிடைத்தால் ஒரு சம்பளச் சீட்டு, இவற்றை எடுத்துக்கொண்டு போகலாம். உத்தரவு வந்த பிறகு பணம் நின்றால், நின்ற தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். நிலுவையான ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை அவரை உள்ளே வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.